திரும்பும் விமானத்திலிருந்து தொடங்கும் திட்டம்

சென்னையிலிருந்து எட்டுப் பேர் அந்தமானுக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அலுவலக நண்பர்கள் நால்வர், அவர்களில் இருவரின் மனைவிமார், ஒருவரின் தம்பி, பதினொரு வயது மகள். ஹாவ்லாக் தீவுக் கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளைப் பார்த்துவிட வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. மலிவாகக் கிடைக்கும் விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலும் நினைப்பார்கள். ஸ்கூபா பயணத்தில் அது சரிவராது. திரும்பும் விமானம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

காரணம், கடலில் இறங்குபவர் சுவாசிக்க முதுகில் சுமக்கும் சிலிண்டருக்குள் இருக்கும் காற்று. அதில் சுத்தமான ஆக்சிஜன் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் வடிகட்டி, அழுத்தி அடைத்திருப்பார்கள். அதில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கு நைட்ரஜன். கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடலின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்கிவிடும். கரையேறிய பிறகு அது மூச்சு வழியாக மெல்ல மெல்ல வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் விமானம் ஏறி, காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குகிற மாதிரி அந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழிவிடும். மூட்டுவலியில் தொடங்கி, மரத்துப்போதல், பக்கவாதம் வரை போகக்கூடிய ஆபத்து இது. ஒரே ஒருமுறை இறங்கியவர் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. பலர் ஒரு முழு நாளே விட்டுவிடுகிறார்கள். குழந்தையும் வருகிற குழுவுக்கு அதுவே நல்லது.

ஞாயிறு மதியம் விமானம் என்றால், சனிக்கிழமை காலையோடு கடலில் இறங்குவது முடிந்துவிட வேண்டும். அன்று பிற்பகல் ராதாநகர் கடற்கரை, ஃபெர்ரி பிடித்து போர்ட் பிளேர், மறுநாள் காலை செல்லுலார் சிறை. போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹாவ்லாக்கும் 2018 முதல் ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான். கடல் பொங்கினால் ஃபெர்ரி ரத்தாகும் என்பதால், கையில் ஒரு நாள் உபரியாக இருக்க வேண்டும். அந்த நாளைச் சேமிக்கிறேன் என்று கழித்துவிடுபவர்கள்தான் கடைசியில் அவசரப்பட்டு விதியை மீறுகிறார்கள்.

அடுத்து, யார் இறங்கலாம் என்ற கேள்வி. டைவிங் மையத்தில் உடல்நிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை என்று எது இருந்தாலும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். கர்ப்பிணிகள் இறங்கக் கூடாது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, ஊர்கூடி வந்த இடத்தில் தன்னால் பயணம் கெட்டுப்போகக் கூடாது என்று ‘இல்லை, இல்லை’ என்று டிக் அடிப்பவர் உண்டு. அதனால் இந்தப் பேச்சு சென்னையிலேயே, டிக்கெட் போடுவதற்கு முன்பே நடக்க வேண்டும். இறங்க முடியாதவருக்கு ஹாவ்லாக்கின் எலிஃபண்ட் பீச்சில் மாஸ்க்கும் சுவாசக் குழாயும் மாட்டி மிதந்தபடியே பவளத்தைப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. அதுவும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான். சாதாரண ஜலதோஷம்கூட ஒருநாளைக் கெடுத்துவிடும். மூக்கடைப்பு இருந்தால் காதுக்குள் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது, செவிப்பறை கிழியலாம்.

நீச்சல் தெரியாதவர்களும் முதல்முறை இறங்குகிறார்கள். இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருந்து, சிலிண்டரைப் பிடித்தபடி 12 மீட்டர் ஆழத்தைத் தாண்டாமல் கூட்டிப்போவார். இதற்குப் பத்து வயது ஆகியிருந்தால் போதும். குழுவின் சிறுமியும் இறங்கலாம். ஹாவ்லாக்கின் நெமோ ரீஃப் கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய ஆழம் குறைந்த இடம், புதியவர்களுக்குப் பொருத்தமானது. டிக்சன்ஸ் பினக்கிள் போன்ற ஆழமான பாறைகள் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். 18 மீட்டர் வரை போக அனுமதி தரும் ‘ஓபன் வாட்டர்’ சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்று நான்கு நாள் பயிற்சி உண்டு, 200 மீட்டர் நீந்திக் காட்டவும் வேண்டும். ஆகவே எட்டுப் பேரும் ஒரே படகில், ஒரே இடத்தில் என்ற ஆசையை விட்டுவிட்டு, இரண்டு அணியாகப் பிரிவதே நல்லது.

பிரிந்தாலும் தனியாக யாரும் இல்லை. நீருக்குள் எப்போதும் ஜோடி உண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களுக்கும் படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் இருந்தார். இழுப்பு வந்ததும் தூக்கிவிடுவது அவர் வேலை. இங்கே கயிற்றுக்குப் பதில் கைச்சைகை. கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’ என்று பொருளல்ல, ‘மேலே போகலாம்’ என்று பொருள். மகிழ்ச்சியில் விரலைத் தூக்கியவரை இன்ஸ்ட்ரக்டர் பத்திரமாக மேலே கொண்டுவந்து விட்டுவிடுவார். நலம் என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். இதையும், மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதையும் புறப்படும் முன்பே குழந்தைக்கும் சொல்லிப் பழக்கலாம்.

எந்த மாதம் போவது என்பதையும் பார்க்க வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் நீர் கலங்கிவிடும்.

இவ்வளவும் செய்து இறங்கினால் கண்முன்னே இருப்பது பாறை அல்ல, உயிர்க்கூட்டம். பவளம் என்பது லட்சக்கணக்கான சின்னஞ்சிறு உயிரிகள் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புக் குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் வண்ணத்தின் பெரும்பகுதியையும் உணவையும் தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். 2010இல் அந்தமானில் பெருமளவில் இப்படி வெளுத்தது, 2016இலும் வெளுப்பு வந்தது. தேறிவரும் பவளத்துக்கு எட்டுப் பேர் காலில் மாட்டிய பதினாறு துடுப்புகள் சிறிய விஷயமல்ல. ஓர் உதை கிளையை முறிக்கும், கிளம்பும் மணல் உயிரிகளை மூடும். குண்டுப் பவளம் பல வகைகளில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. மணல்பரப்பின் மேல் மிதக்கப் பழகிவிட்டுப் பிறகு பவளத்தை நெருங்கச் சொல்லும் மையத்தைத் தேர்ந்தெடுப்பது, கட்டணத்தில் சில நூறு ரூபாய் குறைப்பதைவிட முக்கியம்.

கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டையும் பைக்குள் போடக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. எடுத்து வருபவர்கள் விமான நிலையத்தில் பிடிபடலாம். துண்டுதானே என்று தோன்றலாம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் படகு படகாக வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அலையைத் தடுத்து நின்ற அரண் போனபின், அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன.