மண்சுவரில் ஒளிந்திருக்கும் இருதய நோய்

இருதய நோய் என்றதும் முதுமையையும் கொழுப்பையுமே நாம் நினைக்கின்றோம். தென் அமெரிக்காவின் ஏழைக் குடிசைகளிலோ அது மண்சுவர் வெடிப்பிலிருந்தும் வருகின்றது. அங்கு பதுங்கும், மூட்டைப்பூச்சியை ஒத்த ஒரு பூச்சி, உறங்குவோரின் இரத்தத்தைக் குடித்து அருகே எச்சமிடும். சொறியும்போது எச்சத்திலுள்ள கிருமி உடலுட் புகும். இதனை 1909 இல் கண்டறிந்தவர் பிரேசில் நாட்டு வைத்தியர் கார்லோஸ் சாகஸ்.

முதற் காய்ச்சல் தணிந்துவிடும். கிருமியோ இருதயத் தசையில் தங்கிவிடும். பல்லாண்டுகளின் பின் மூவரில் ஒருவர் வரை இருதயம் பழுதுறுகின்றனர். மீண்டும் மீண்டும் தொற்றும் கிருமி நோயைக் கடுமையாக்கக் கூடும் என்பதை விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன.

தொடக்கத்தில் மருந்து நற்பயன் தரும். ஆயினும், குணமடைந்தவர் அதே சுவரடியில் உறங்கினால் மீண்டும் கடியுண்பாரன்றோ? ஆகவே சுவரைப் பூசுவதும் பூச்சிமருந்து தெளிப்பதும் இருதயத்தைக் காக்கும் வைத்தியமேயாம்.