அளவு கேட்டுத் தைத்தவர்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடலோரத்துக்கு லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் மக்கள் மனமிரங்கி அனுப்பியவை அவை. ஆனால் கிழிந்ததும் சாயம் போனதும் அந்த ஊர் வழக்கத்துக்கு ஒவ்வாததும் அதில் நிறையவே கலந்திருந்தன. கடலில் உழைத்துச் சம்பாதித்துச் சொந்தக் காசில் உடுத்திப் பழகிய மீனவக் குடும்பங்கள் பலவும் அந்தப் பழந்துணியைத் தொடவில்லை. சாலையோரங்களில் அது மேடு மேடாகக் குவிந்து கிடந்தது.

தேங்கிப்போன அந்தத் துணிகளைத் தரம் பிரிக்கும் வேலையை எடுத்துக்கொண்ட அமைப்புகளில் ஒன்று, டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச். 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய இந்த அமைப்பு, உடுத்த முடிந்ததை உடுத்தத் தந்தது. முடியாததை வெட்டிப் புதிதாகத் தைத்தது. பழைய பருத்தித் துணி, துவைத்துக் காயவைத்து மாதவிடாய் நாட்களுக்கான துணியானது. சேலைகளும் வெட்டுத்துணிகளும் சேர்ந்து சுஜனி என்னும் கனத்த விரிப்பாயின. 2015-இல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஒரே துணிதான். அள்ளிப் போட்டபோது தெருவில் கிடந்தது. இன்னாருக்கு இது வேண்டும் என்று தெரிந்து தைத்தபோது வீட்டுக்குள் போனது. உலகில் பல இடங்களில் தையல் மெஷினோடு தொண்டுக்கு இறங்கியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் கற்றுக்கொண்ட பாடம் இது. அவர்களுடைய வரலாற்றைப் பார்த்தால், நல்ல மனசுக்கு அடுத்தபடியாக அவர்களுக்குக் கைகொடுத்தது அளவு டேப்தான் என்று தோன்றும்.

போர்க்களத்துக் கட்டிலுக்கு ஏற்ற விரிப்பு

அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தத் தொண்டின் தலையாய பொருள் குவில்ட். அது மூன்று அடுக்கு கொண்ட போர்வை. மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றும் நகராமல் இருக்க ஊடே ஓட்டுத்தையல் ஓடும். நம் வீடுகளில் பாட்டிமார் பழஞ்சேலைகளை நாலாக மடித்து ஓரம் அடித்துப் பிள்ளைக்கு விரிப்புத் தைத்துத் தருவார்களே, அதன் உறவுக்காரப் பொருள்தான். வங்காளத்துக் காந்தாவும் பீகாரின் சுஜனியும் இதே குடும்பம்.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது வடமாநிலப் பெண்கள் வீட்டிலிருந்த குவில்ட்களைப் படைவீரர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இரட்டைக் கட்டிலுக்குத் தைத்த அகலமான போர்வைகள் அவை. ராணுவ மருத்துவமனையிலோ ஒருவர் மட்டுமே படுக்கும் ஒடுங்கிய கட்டில். வீரர்களின் சுகாதாரத்துக்காக ஏற்படுத்தப்பட்ட சானிட்டரி கமிஷன் அந்த ஆண்டே ஒரு சுற்றறிக்கை விட்டது: விலை குறைந்த துணி போதும், நீளம் 7 அடி, அகலம் 50 அங்குலம். அதை எழுதிய செயலாளர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவர். பெண்கள் அந்த அளவுக்கே தைத்தார்கள். பழைய பெரிய குவில்ட்களை வெட்டிச் சின்னதாக்கியவர்களும் உண்டு. போர் முடிவதற்குள் சுமார் 2.5 லட்சம் குவில்ட்கள் போயிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவையெல்லாம் வீரர்கள் போர்த்திக் கிழிந்து, பலரோடு மண்ணுக்குள்ளும் போய்விட்டன.

இரண்டாம் உலகப்போரில் அந்த வேலையைக் கனடா எடுத்துக்கொண்டது. லண்டன் மீது குண்டு விழுந்து வீடிழந்தவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கனடாவின் ஊர்ப்புறப் பெண்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகக் குவில்ட் அனுப்பினார்கள். மொத்தம் 4 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்கே ரேஷன். அந்த நாளில் கடல் கடந்து வந்த ஒவ்வொரு போர்வையும் ஒரு குடும்பத்தின் குளிர்காலத்தைக் கடத்திவிட்டது. மூலையில் தைத்திருந்த சின்ன வெள்ளைத் துணிச்சீட்டு, இது கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு என்று சொன்னது. தைத்தவரின் பெயர் பெரும்பாலும் அதில் இராது.

ஆயிரம் முடிச்சுகள்

போர் முடிந்த 1945-இல் தொடங்கப்பட்டது லூதரன் வேர்ல்ட் ரிலீஃப் என்னும் அமெரிக்க நிவாரண அமைப்பு. அமெரிக்கத் தேவாலயங்களில் கூடித் தைக்கும் குழுக்கள் இந்த அமைப்புக்கு இன்றும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் குவில்ட் தருகின்றன. பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெண்கள். வாரத்தில் ஒரு நாள் நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேலை. ஒருவர் பழைய திரைச்சீலையையும் படுக்கை விரிப்பையும் சதுரமாக வெட்டுவார், ஒருவர் மெஷினில் இணைப்பார், மற்றவர்கள் முடிச்சுப் போடுவார்கள்.

இங்கே நுணுக்கமான ஓட்டுத்தையலுக்கு நேரமில்லை. மூன்று அடுக்கையும் மேசையில் பரப்பி, தடித்த நூலைக் கோத்த ஊசியை மேலிருந்து குத்தி அடியில் இழுத்து, ஒரு நூலிழை தள்ளி மறுபடி மேலே கொண்டுவந்து, இரண்டு முனையையும் சேர்த்து இரட்டை முடிச்சு. சில அங்குலம் தள்ளி அடுத்த முடிச்சு. போர்வை முழுக்க இப்படியே. பார்க்கச் சாதாரணமாக இருக்கும்; ஆனால் கல்லில் அடித்துத் துவைத்தாலும் பஞ்சு ஒரு மூலைக்குத் திரளாது.

அளவு 60-க்கு 80 அங்குலம். இவை போய்ச் சேரும் அகதி முகாமில் ஒரு போர்வை போர்வையாக மட்டும் இருப்பதில்லை. பகலில் மண்தரைக்கு விரிப்பு, வெயிலில் பந்தல், இடம்பெயரும்போது சாமான் மூட்டை, ஒரே கூடாரத்தில் இரண்டு குடும்பம் இருந்தால் நடுவில் தடுப்பு. அழகுக்கென்று சின்னதாகத் தைத்தால் இதில் எதற்கும் உதவாது. அதனால்தான் அளவை வரையறுத்துச் சொல்லும் விதிகளை அந்தக் குழுக்கள் மனத்தாங்கல் இல்லாமல் கடைப்பிடிக்கின்றன.

குழந்தைகளுக்குத் தைப்பவர்களின் விதிகள் வேறு. 1995 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் டென்வர் பகுதியில் இருந்த கேரன் லௌக்ஸ் ஒரு பத்திரிகைக் கட்டுரை படித்தார். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்ட மூன்று வயதுச் சிறுமி, தன் போர்வையைக் கட்டிக்கொண்டுதான் அந்த வேதனையைத் தாங்கினாள் என்று அதில் இருந்தது. உள்ளூர்ப் புற்றுநோய் மையத்துக்குப் போர்வை தருவதற்காக அவர் தொடங்கியதே புராஜெக்ட் லைனஸ். போர்வையை விடாமல் இழுத்துக்கொண்டு அலையும் பீனட்ஸ் சித்திரக்கதைச் சிறுவன் லைனஸின் பெயர் அது. இன்றுவரை பல மில்லியன் போர்வைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. நிபந்தனைகள் கறாரானவை: புதிதாக, கையால் செய்ததாக, மெஷினில் துவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். குண்டூசி ஒன்றுகூட மறந்து தங்கியிருக்கக் கூடாது. புகைபிடிக்கும் வீட்டில் தைத்தது வேண்டாம். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைக்கு அந்த நெடியே ஆகாது.

2003-இல் டெலவேர் மாநிலத்தில் கேத்தரின் ராபர்ட்ஸ் தொடங்கிய குவில்ட்ஸ் ஆஃப் வேலர், போரிலிருந்து திரும்பியவர்களுக்குத் தைக்கிறது. அவர் மகன் அப்போது இராக்கில் இருந்தான். இதுவரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இந்தக் குவில்ட்களைப் பெற்றிருக்கிறார்கள். தோளில் போர்த்தி, பெயர் சொல்லிக் கௌரவிப்பது அவர்கள் முறை. பின்பக்கச் சீட்டில் முகப்பு இணைத்தவர், ஓட்டுத்தையல் போட்டவர், ஓரம் கட்டியவர் எல்லார் பெயரும் இருக்கும். தனக்காக யார் யார் உட்கார்ந்து தைத்தார்கள் என்பதைப் பெறுபவர் தெரிந்துகொள்ளட்டும் என்பதே எண்ணம்.

ஒரு கேள்வி மாற்றிய வடிவம்

கேட்டுத் தைப்பது என்றால் என்ன என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது டேஸ் ஃபார் கேர்ள்ஸ் அமைப்பின் கதை. 2008-இல் அமெரிக்காவின் செலஸ்ட் மெர்கன்ஸ், கென்யாவின் நைரோபி அருகே ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு உதவிக்கொண்டிருந்தார். மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டபோது வந்த பதில் அவரை உலுக்கியது. வகுப்புக்குப் போகாமல், அறையிலேயே அட்டைத்துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உடனே கடையில் விற்கும் பேடுகளை வாங்கிக் கொடுத்தார்கள். அவற்றைப் போட அங்கே இடமில்லை, கழிப்பறையை அடைத்துக்கொண்டன. அடுத்த மாதத்துக்கு மறுபடி பணம் வேண்டும். சரி, துவைத்துப் பயன்படுத்துவதாகத் தைக்கலாம் என்று முடிவானது. முதலில் தைத்தவை வெள்ளைத் துணியில், பேடு வடிவிலேயே இருந்தன. கறை தெரிந்தது. கொடியில் காயப்போட்டால் இன்னதென்று எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் பிள்ளைகள் மறைவில் காயவைத்தார்கள். வெயில் படாத துணி சரியாகக் காயாமல் தொற்றுக்கு வழிவிடும். தமிழ்நாட்டில் சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்ட தலைமுறைக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு வடிவத்தை ஒருமுறையல்ல, பலமுறை மாற்றினார்கள். இப்போது உள்ளாடையோடு டிச் பட்டனால் பிணைந்து நிற்கும் ஒரு கவசம். அதனுள்ளே நீர் கசியாத துணி. இரண்டு முனையிலும் பை. அந்தப் பைகளுக்குள் செருக ஃபிளானல் துணி. விரித்தால் அது ஒரு கைக்குட்டை மாதிரி தட்டையான துண்டு, மூன்றாக மடித்தால் தேவையான கனம். அடர்ந்த நிறம், பூப்போட்ட துணி. கொடியில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், சீக்கிரம் காய்ந்தும்விடும். இவற்றோடு உள்ளாடை, சோப்பு, துவைக்கவும் எடுத்துச் செல்லவும் பிளாஸ்டிக் பை எல்லாம் ஒரு சுருக்குப் பையில். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு இன்னொரு படி எடுத்து வைத்தார்கள்: உகாண்டா, நேபாளம் போன்ற நாடுகளில் உள்ளூர்ப் பெண்களே தைத்து விற்று வருமானம் பார்க்கப் பயிற்சி தந்தார்கள்.

இதே வழியில் நம் பக்கத்திலும் ஓர் அமைப்பு உண்டு. ஆரோவில்லில் 2010-இல் தொடங்கிய ஈகோ ஃபெம், சுற்றுக் கிராமத்துப் பெண்கள் தைக்கும் துணி பேடுகளை விற்கிறது. வெளிநாட்டில் விற்பதில் ஒரு பங்கு, இந்தியப் பள்ளி மாணவிகளுக்கு இலவசமாகத் துணி பேடு தரவும் மாதவிடாய் பற்றி வெளிப்படையாகப் பேசும் வகுப்பு நடத்தவும் போகிறது. கையில் பேடை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் அது அலமாரியில் தூங்கும். எப்படி அலசுவது, ஏன் வெயிலில் போட வேண்டும் என்ற பேச்சு கூடவே போக வேண்டியிருக்கிறது.

ஊசி பிடித்தவருக்கும்

ஆரோவில்லிலேயே இன்னொரு கதை. ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலைப் பார்க்கவே பயந்துபோயிருந்த மீனவப் பெண்களுக்கு உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் உமா பிரஜாபதி ஒரு வேலை கொண்டுவந்தார். நிறுவனத்தில் மிஞ்சும் வெட்டுத்துணியில் விரலளவுப் பொம்மை செய்வது. பெயர் சுனாமிகா. வண்ணத் துணித்துண்டைச் சுருட்டி, நூலால் கட்டி, தலையும் கையும் பாவாடையுமாக ஒரு குட்டிப் பெண். வட்டமாக உட்கார்ந்து பொம்மை கட்டிக்கொண்டே அவர்கள் பேசினார்கள்; இழந்ததைச் சொல்லி அழவும் செய்தார்கள். சுனாமிகாவுக்கு விலை கிடையாது. கேட்பவருக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள்; அவர்கள் மனமுவந்து தந்த பணம் பெண்களின் கூலிக்குப் போனது. உதவி பெற வேண்டிய நிலையில் இருந்தவர்கள், உலகத்துக்குப் பரிசு அனுப்புகிறவர்களானார்கள்.

2020-இல் கொரோனா வந்து முகக்கவசம் கிடைக்காமல் போனபோது, இந்தத் தையல் கைகளின் அருமை ஊருக்கே தெரிந்தது. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் துணி முகக்கவசம் தைத்துக் குவித்தன. வெளிநாடுகளில் போர்வை தைத்துக்கொண்டிருந்த குழுக்கள் ஒரே வாரத்தில் முகக்கவசத்துக்கு மாறின. எலாஸ்டிக் கடைகளில் தீர்ந்தபோது துணி நாடா வைத்தார்கள். நாள் முழுக்கப் போட்டிருந்த செவிலியருக்குக் காது புண்ணாவது தெரிந்ததும், தலைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளப் பட்டன் வைத்த பட்டி தைத்து அனுப்பினார்கள். யாரோ ஒருவர் வலிக்கிறது என்று சொன்னதிலிருந்து பிறந்த பொருள் அது.

நம் ஊர்களில் தையற்கடை வாசலில் தினமும் ஒரு மூட்டை வெட்டுத்துணி சேர்கிறது. தையல் தெரிந்த நாலைந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று நினைத்தால், துணி வெட்டுவதற்கு முன் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ போய், அங்கே வேலை பார்ப்பவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது நல்லது. பச்சிளங்குழந்தையைச் சுற்ற எந்த அளவுத் துணி வேண்டும், படுக்கையிலேயே இருக்கும் பெரியவருக்குப் போட்டுக் கழற்ற முன்பக்கம் நாடா வசதியா பின்பக்கம் வசதியா, கொதிநீரில் போட்டால் சாயம் இறங்குமா என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல முடியும். குழந்தைக்கானதில் பட்டனும் மணியும் வேண்டாம், வாயில் போட்டுவிடும். புதுத்துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்து வெட்டினால் பின்னால் சுருங்காது. முதலில் இரண்டு மட்டும் தைத்துக் கொடுத்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போய், எத்தனை துவைப்புக்குத் தாங்கியது, எந்த இடத்தில் தையல் விட்டது, அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஐம்பதுக்குத் துணி வெட்டலாம்.