பல்லக்கு போன வழியில் சைக்கிள்!

1675ஆம் ஆண்டு. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மதில் மாதிரி நிற்கிறதே பிரனீஸ் மலை, அதன் மீது ஒரு நாற்காலிப் பல்லக்கு ஏறிக்கொண்டிருந்தது. பல்லக்கில் போனவர் ஓர் அம்மாள். அவர் பொறுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன். பையன் சாமானியன் அல்ல. பதினான்காம் லூயி மன்னரின் மகன். ஆனால் ராஜா வீட்டுப் பிள்ளையானால் என்ன? ஒரு கால் ஊனம். பாரேஜ் என்னும் மலைக் கிராமத்தில் கந்தக வெந்நீர் ஊற்று இருக்கிறது, அதில் குளிப்பாட்டினால் குணமாகும் என்று நம்பி அவனை அழைத்துப் போனார் அந்த அம்மாள். போகும் வழியில் 2,115 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைத் தாண்ட வேண்டியிருந்தது. பல்லக்கைச் சுமந்தவர்கள் மனத்துக்குள் என்ன சொல்லிக்கொண்டார்களோ! அந்த அம்மாள்தான் மதாம் த மாந்தனோன். பின்னாளில் அதே மன்னரை ரகசியமாக மணந்துகொண்டவர். கணவாயின் பெயர் துர்மாலே.

நேயர்களே, அந்தக் கணவாய்க்கு இன்று உங்களைச் சைக்கிளில் அழைத்துப் போவதாக உத்தேசம். "சைக்கிளா? மலையிலா? நானா?" என்று திகைக்க வேண்டாம். பெண்களுக்கு ஆகாத காரியம் என்று இந்த மலையைப் பற்றி வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஏறிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் உயரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். துர்மாலே நம் உதகமண்டலத்தை விடச் சற்றுத் தாழ்ந்ததுதான். சங்கடம் எங்கே இருக்கிறதென்றால், ஏறும் விதத்தில் இருக்கிறது. கிழக்குப் பக்கமாகப் போனால் 17 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயர வேண்டும். அதாவது, நூறு அடி முன்னே போனால் ஏழு அடிக்கு மேல் தூக்கிவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் பாதை இதைப் பார்க்க வெகு சாது!

லுஷோன் என்ற ஊரிலிருந்து கிளம்புவோம். இதுவும் வெந்நீர் ஊற்று உள்ள ஊர்தான். இந்த மலையில் திரும்பின பக்கமெல்லாம் வெந்நீர். அதனால்தான் சாலையே பிறந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியும் அவருடைய மனைவி யூஜெனியும் இந்தப் பக்கத்து ஊற்றுக்களுக்கு வந்து போவார்கள். ஊற்றுக்கு ஊற்று வண்டி போவதற்காக, கணவாய்களின் மேலே சாலை போட ஏற்பாடு செய்தார் சக்கரவர்த்தி. நோயாளிகளின் சௌகரியத்துக்காகப் போட்ட சாலை, பிற்காலத்தில் திடகாத்திரமான வாலிபர்களை நோயாளிகளாக்கிய கதையைச் சீக்கிரமே சொல்கிறேன்.

ஊரைத் தாண்டியதும் பேரெசூர்த் கணவாய், 1,569 மீட்டர். ஏற்றம் 15 கிலோமீட்டர். இங்கே ஒரு நல்ல வழக்கம். கிலோமீட்டருக்கு ஒரு பலகை நட்டு, உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், அடுத்த கிலோமீட்டர் எத்தனை செங்குத்து என்று சைக்கிள்காரர்களுக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் பலகையைக் கண்டதும் சந்தோஷமாக இருக்கும். ஐந்தாவது பலகைக்குப் பிறகு, எழுதியவன் மேல் கோபம் வரும்.

இந்த இடத்தில் கியர் சமாசாரத்தைச் சொல்லிவிட வேண்டும். பெடலோடு இருக்கும் பல்சக்கரம் சிறியதாகவும், பின் சக்கரத்தில் இருப்பது பெரியதாகவும் இருந்தால், மிதிப்பது சுலபம்; ஆனால் வண்டி கொஞ்ச தூரம்தான் நகரும். உயரமான படிகளை நாலு தாவலில் ஏறாமல், சின்னச் சின்னப் படியாக நாற்பது படி ஏறுவது மாதிரி. இப்போதைய சைக்கிள்களில் ஏறக்குறைய ஒரு மிதிக்கு ஒரு சுற்று என்ற அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். மூச்சு இரைக்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போக முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள். இந்தப் பரீட்சையில் நம் வீட்டுப் பெண்மணிகள் தோற்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு மின்சார மோட்டார் வைத்த சைக்கிளும் இருக்கிறது. அதில் ஏறுவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பேரெசூர்த் இறக்கத்தில் ஆரோ என்ற ஊர் வருகிறது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேக் விற்கும் கடையை விசாரியுங்கள். மரத்தால் செய்த கூம்பு ஒன்றைக் கம்பியில் கோத்து, விறகு நெருப்புக்கு முன்னால் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். முட்டை, மாவு, சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துக் கரைத்த மாவைக் கரண்டி கரண்டியாக அதன் மேல் ஊற்றுகிறார்கள். ஓர் ஈடு வெந்ததும் அதன் மேல் இன்னோர் ஈடு. இப்படி மணிக்கணக்காக! கடைசியில் மேலெல்லாம் முள் முள்ளாகச் சின்னக் கோபுரம் மாதிரி நிற்கும். நம் வீட்டில் முறுக்குச் சுற்றும் பாட்டிகளின் பொறுமை இதற்கு வேண்டும்.

அடுத்தது அஸ்பின், 1,489 மீட்டர். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் அழகு. உச்சியில் பசுக்கள் நடுச்சாலையில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். மணி அடித்தால் திரும்பிப் பார்க்கும், எழுந்திருக்காது. மயிலாப்பூர் மாடவீதியில் பழகியவர்களுக்கு இது ஒரு பிரமாதமா?

அஸ்பினிலிருந்து இறங்கினால் சேந்த்-மாரி-த-காம்பான். வாயில் நுழையாத இந்தப் பெயருள்ள குக்கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறையின் ஞாபகமாகக் கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கதை புரிய வேண்டுமானால் பந்தயம் மலைக்கு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

பாரிஸில் 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை இருந்தது. விற்பனையைப் பெருக்குவதற்காக 1903இல் பிரான்சு தேசத்தைச் சுற்றி ஒரு சைக்கிள் பந்தயம் ஏற்படுத்தியது. அதுதான் உலகப் பிரசித்தி பெற்ற தூர் த பிரான்ஸ். (எங்கள் ஆசிரியர் இந்தப் பாராவைப் படிக்காமல் இருக்க வேண்டும்!) அந்தப் பத்திரிகையில் ஸ்டெய்னஸ் என்ற நிருபர், பந்தயத்தைப் பிரனீஸ் மலையில் ஏற்றியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பாதையைப் பார்த்து வரக் காரில் போனார். துர்மாலேயில் பனி மூடி, கார் நின்றுவிட்டது. இருட்டில் தனியே நடந்தார், விழுந்தார், எழுந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாரேஜ் வந்து சேர்ந்தார். பிறகு ஆசிரியருக்குத் தந்தி கொடுத்தார். என்னவென்று? துர்மாலேயைக் கடந்தாயிற்று, சாலை வெகு நன்றாயிருக்கிறது என்று! நிருபர்களின் தந்தியை நம்பலாமா என்று நான் சொல்லக் கூடாது; நானும் அந்த ஜாதிதான்.

1910 ஜூலை 21ஆம் தேதி, நாம் புறப்பட்ட அதே லுஷோனிலிருந்து பையோன் நகரம் வரை 326 கிலோமீட்டர். வழியில் பேரெசூர்த், அஸ்பின், துர்மாலே, அதற்கு அப்பால் ஓபிஸ்க் என்று நாலு பெரிய கணவாய்கள். சாலை என்றால் தார்ச் சாலை அல்ல, கல்லும் மண்ணும். கியர் மாற்றும் கருவியைப் போட்டியில் அனுமதித்தது 1937இல்தான். துர்மாலேயில் ஒரு தடவைகூட இறங்காமல் மிதித்து ஏறிய காரிகு என்பவருக்கு நூறு பிராங்க் இனாம் கிடைத்தது. லபீஸ் என்ற வீரர் ஓபிஸ்க் உச்சியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், பந்தய அதிகாரிகளைப் பார்த்து, "கொலைகாரர்கள்!" என்று கத்தினார். ஆனாலும் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் போராடி அன்றைய ஓட்டத்தை ஜயித்தவர் அவர்தான். அந்த ஆண்டுப் பந்தயத்தையும் அவரே ஜயித்தார். 1917இல் உலக யுத்தத்தில் விமானத்தோடு விழுந்து இறந்தார். பின்தங்கியவர்களை வாரிக்கொண்டு வர ஒரு வண்டியும் அந்த 1910இல்தான் முதல் முதலாக வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'துடைப்ப வண்டி'!

இப்போது பட்டறைக்கு வருவோம். 1913இல் யூஜீன் கிறிஸ்தோஃப் துர்மாலேயிலிருந்து இறங்கும்போது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்துவிட்டது. பிறர் உதவி வாங்கக் கூடாது என்று விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து இந்தப் பட்டறைக்கு வந்தார். தாமே இரும்பைக் காய்ச்சி, தட்டி, ஒட்டவைத்தார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கையும் வேலையாக இருந்ததால், ஒரு சிறுவன் துருத்தியை ஊதிக் கொடுத்தான். "பிறர் உதவி!" என்று அதற்கும் அபராதமாக நிமிஷங்களைக் கூட்டினார்கள். மாமியார்கள்கூட இவ்வளவு கறாராக இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

சரி, ஏறுவோம். முதல் சில கிலோமீட்டர் லேசாக ஏமாற்றும். பிறகு காடு, காட்டுக்கு அப்பால் பனிச்சரிவிலிருந்து சாலையைக் காப்பாற்றும் கான்கிரீட் கூரைகள், பிறகு லா மோன்ஜீ. பனிச்சறுக்குக்காகக் கட்டிய ஊர். இவ்வளவு அழகான மலையில் இவ்வளவு அவலட்சணமான கட்டடங்களைக் கட்ட எப்படித்தான் மனம் வந்ததோ! உச்சிக்கு அங்கிருந்து நாலு கிலோமீட்டர். கடைசி கிலோமீட்டரில் நான் இறங்கித் தள்ளினேன். வெட்கப்படவில்லை; லபீஸே தள்ளியிருக்கிறார்.

உச்சியில் அவர் நினைவாக, வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் சைக்கிள்காரன் சிலை ஒன்று நிற்கிறது. குளிர் காலத்தில் அதைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஜூன் மாதம் லாரியில் திரும்ப ஏற்றும்போது, நூற்றுக்கணக்கானவர்கள் சைக்கிளில் கூடவே ஏறுவார்கள். சுவாமி புறப்பாடு மாதிரிதான்.

இதே உச்சிக்கு 2023 ஜூலை 29ஆம் தேதி, கண்ணை மறைக்கும் மூடுபனியில், ஒரு பெண் முதலாவதாக வந்து சேர்ந்தாள். டச்சுக்காரி, பெயர் டெமி வோலரிங். பெண்களின் தூர் த பிரான்ஸ் அது. மறுநாள் பந்தயம் முழுவதையுமே ஜயித்தாள்.

ஆண்களின் தூர் த பிரான்ஸ் இங்கே முதலில் ஏறியது 1910, இது 2023. நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? 1955இல் பெண்களுக்கு ஒரே ஒரு பந்தயம் வைத்தார்கள், ஐந்து நாள், மலைப் பக்கம் தலை காட்டவில்லை, மறு ஆண்டு கிடையாது. 1984இல் மறுபடி தொடங்கினார்கள். அதில் ஜயித்த அமெரிக்கப் பெண் மாரியான் மார்ட்டினுக்குச் சுமார் ஆயிரம் டாலரும் ஒரு கோப்பையும். அதே ஆண்டு ஆண்களில் ஜயித்தவருக்கு லட்சம் டாலருக்கு மேல். அதுவும் சில ஆண்டுகளில் நின்றது. வேறு பெயர்களில் வந்தன, போயின. 2022இல்தான் முறையாகப் புத்துயிர் பெற்றது. 2023இல் ஆண்களும் பெண்களும் ஒரே மாதத்தில் துர்மாலே ஏறினார்கள். பட்டம் வென்ற ஆணுக்கு ஐந்து லட்சம் யூரோ, வோலரிங்குக்கு ஐம்பதாயிரம். அந்த ஆண்டு ஆண்கள் இருபத்தொரு நாள் ஓட்டினார்கள், பெண்கள் எட்டு நாள்தானே என்பார்கள். வாஸ்தவம். ஆனால் எட்டே நாள் என்று முடிவு செய்தவர்கள் பெண்கள் அல்லவே! பலகையில் எழுதியிருக்கும் ஏற்றக் கணக்கு மட்டும் இரு சாராருக்கும் ஒன்றுதான்.

உச்சியில் அதிக நேரம் நிற்காதீர்கள். ஏறும்போது வியர்த்த உடம்பு, இறங்கும்போது காற்றில் விறைத்துப் போகும். பந்தயக்காரர்கள் பழைய செய்தித்தாளைச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொண்டு இறங்குவது வழக்கம். நம் பத்திரிகையும் இதற்கு உதவும். தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழித்துப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டாம், சூடேறிவிடும். வளைவுக்கு முன் பிடித்து, வளைவில் விட்டுவிட வேண்டும். 1951இல் ஓபிஸ்க் இறக்கத்தில் விம் வான் எஸ்ட் என்ற டச்சு வீரர் வளைவில் தவறி எழுபது மீட்டர் பள்ளத்தில் விழுந்தார். சைக்கிள் டயர்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கயிறாக்கித் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். நமக்கு அவ்வளவு டயர் கிடைக்குமா?

மேற்கே இறங்கினால் முதலில் வரும் ஊர் பாரேஜ். மதாம் த மாந்தனோன் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போன அதே ஊர். கந்தக வெந்நீர் ஊற்று இன்றும் இருக்கிறது. சைக்கிளை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, பூட்டிய சாவியைப் பத்திரமாக முடிந்துகொண்டு, உள்ளே போங்கள்.