விபத்து என்று சொல்லி விட்டுவிடலாமா?

பிரதான வீதியை அண்டிய நமது கிராமங்களில் மாலை வேளைகள் ஆபத்தானவை. வேலை முடிந்து சைக்கிளில் திரும்புவோரும் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளும் வீதி ஓரத்தை நம்பியே வருகின்றனர். மதுபோதையில் வாகனம் செலுத்தும் ஒருவரால் ஒரு குடும்பத்தின் உழைப்பாளி அங்கேயே உயிரிழக்கிறார். செத்த வீட்டுக்கு ஊரே திரண்டு வருகிறது. மரண உதவிச் சங்கம் பணம் கொடுக்கிறது. ஆனால் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தக் கைம்பெண் தனியாகவே போகிறாள். 'எல்லாம் விதி', 'ஆண்டவருடைய சித்தம்' என்று நாமும் ஆறுதல் சொல்கிறோம். குடித்துவிட்டு வாகனம் ஓட்டியது ஆண்டவரின் சித்தமல்ல. ஒரு மனிதரின் குற்றம்.

முதல் நாட்களில் செய்யவேண்டியவை

பொலிஸில் உடனே முறைப்பாடு செய்யவேண்டும். சாரதி குடித்திருந்ததாகச் சந்தேகம் இருந்தால் அதை வாக்குமூலத்தில் சொல்லி, அவரைச் சோதனைக்கு உட்படுத்துமாறு கேட்கவேண்டும். நேரம் செல்லச் செல்ல உடலில் மதுவின் அளவு குறைந்துவிடும். வாக்குமூலம் நமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டால், அதை வாசித்து விளக்கும்வரை கையொப்பமிடக் கூடாது.

திடீர் மரண விசாரணை அதிகாரி நடத்தும் விசாரணையைச் சிலர் வெறும் சடங்காக நினைத்து, உடலைச் சீக்கிரம் பெறுவதிலேயே கவனமாயிருக்கின்றனர். ஆனால் அங்கு பதியப்படும் சாட்சியமும் பிரேத பரிசோதனை அறிக்கையும் பின்னர் வழக்குக்கு உதவும். கண்டவர்கள் அங்கே வந்து கண்டதைச் சொல்லவேண்டும். வாகன இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் குறித்து வைப்பது அவசியம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இந்நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கட்டாயமானது.

இரண்டு வழக்குகள்

பலர் அறியாத விடயம் இது. பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கு அரசின் வழக்கு. கவனயீனத்தால் மரணம் விளைவித்தலுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்கீழ் 5 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். மது அருந்தி வாகனம் செலுத்தியமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் தனியாகவும் குற்றஞ்சாட்டலாம். இவ்வழக்கில் பாதிக்கப்பட்ட தரப்பும் சட்டத்தரணியை நியமிக்கலாம். குற்றம் நிரூபிக்கப்பட்டால் நட்டஈடு வழங்குமாறு நீதவான் கட்டளையிடவும் முடியும்.

மற்றது, மாவட்ட நீதிமன்றத்தில் குடும்பமே தொடுக்கவேண்டிய நட்டஈட்டு வழக்கு. இதற்கு 2 ஆண்டு காலவரையறை உண்டு. குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்த உரிமையை இழந்துவிடலாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். அதைச் சட்டத்தரணியிடம் நினைவூட்டுங்கள்.

 இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்கள் இழந்த ஆதரவை நமது சட்டம் கணக்கிடுகிறது. ஆகவே வருமானத்துக்கான சான்று முக்கியம். சம்பளச் சிட்டை, ஊழியர் சேமலாப நிதி விபரம், கூட்டுறவுச் சங்கப் பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். மரண அத்தாட்சிப் பத்திரமும் விவாகப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் தேவைப்படும்.

கையொப்பமிடுமுன்

31ஆம் நாள் திருப்பலிக்கு முன்னரே ஒருவர் பண உறையுடனும் எழுதிய கடிதத்துடனும் வீட்டுக்கு வருவதுண்டு. செத்த வீட்டுக் கடனில் இருக்கும் தாய்க்கு அந்தப் பணம் பெரிதாகத் தோன்றும். செலவுக்கு உதவி பெறுவது தவறல்ல. ஆனால் 'இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்' என்ற கடிதத்தில் கையொப்பமிட்டால், பிள்ளைகளின் பல ஆண்டுத் தேவைக்குரியதை ஒரு மாதச் செலவுக்காக விட்டுக்கொடுத்ததாகிவிடும். அக்கடிதத்தால் அரசின் வழக்கு தானாக முடிந்துவிடுவதுமில்லை. மன்னிப்பது நம் விசுவாசத்தின் கடமை. ஆனால் பிள்ளைகளின் உரிமையைக் கைவிடுவது மன்னிப்பாகாது. மிரட்டல் வந்தால் அதையும் பொலிஸில் முறையிடவேண்டும்; சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாப்பதற்கு நாட்டில் தனிச்சட்டமே உண்டு.

காசில்லாதவர் எங்கே போவது?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்குச் சட்ட ஆலோசனை வழங்கி நீதிமன்றத்திலும் வழக்காடுகிறது. நாட்டின் பல நீதிமன்றங்களை அண்டி அதன் நிலையங்கள் இயங்குகின்றன. கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்று பெற்று, பத்திரங்களின் பிரதிகளுடன் செல்லுங்கள். மூலப்பிரதிகளை எவரிடமும் பற்றுச்சீட்டின்றிக் கொடுக்கவேண்டாம்.

நமது பங்கு

தவணைக்கு மேல் தவணையாக வழக்கு நீளும். பஸ் செலவும் ஒரு நாட் கூலியும் ஒவ்வொரு முறையும் போகும். சலித்துப்போய் வழக்கைக் கைவிடுவோர் பலர். இங்கேதான் மாதர் சங்கமும் பங்குச் சபையும் தேவைப்படுகின்றன. தவணை நாளன்று கூடச் செல்ல ஒருவர், பிள்ளைகளைப் பார்க்க ஒருவர், திகதிகளைக் குறித்து வைக்க ஒருவர் என்று பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். சாட்சி சொல்லத் தயங்குபவருக்குத் துணிவூட்டலாம். நம்முள் குடித்தவரின் கையிலிருந்து மோட்டார் சைக்கிள் திறப்பை வாங்கி வைக்கவும் துணியவேண்டும்.

லூக்கா நற்செய்தியில் வரும் கைம்பெண் விடாது நடந்து நீதியைப் பெற்றாள். அவள் தனியே நடந்தாள். நம் கிராமத்துக் கைம்பெண்ணும் அப்படித் தனியே நடக்க நாம் விடலாகாது.