மூன்று நண்பர்களும் ஒரு பணப்பெட்டியும்

அறை வாடகைக்கு உண்டு என்ற விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்நிய நகரமொன்றில் கதவு கதவாகத் தட்டித் திரிந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கதவைத் திறப்பவரின் முதற் பார்வையிலேயே விடை தெரிந்துவிடும். 1994 இல் உருவான 'ஷலோ கிரேவ்' என்னும் பிரித்தானியத் திரைப்படமும் அத்தகைய ஒரு கதவிலிருந்தே தொடங்குகிறது. அதன் பெயரை 'ஆழமற்ற புதைகுழி' எனத் தமிழில் கூறலாம்.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் விசாலமான ஒரு மாடிவீடு. அங்கே மூன்று நண்பர்கள் கூடி வாழ்கின்றனர். அலெக்ஸ் பத்திரிகையாளன், ஜூலியட் வைத்தியர், டேவிட் கணக்காளன். காலியாக உள்ள நான்காவது அறைக்கு ஆள் தேடுகின்றனர். வருவோரை அமர்த்தி, பொருத்தமற்ற கேள்விகளால் துளைத்து, எள்ளி நகையாடித் திருப்பி அனுப்புகின்றனர். பார்ப்போர் சிரிக்கும் இடம் இது. நாமும் சிரித்தோம். சிரித்து முடிந்த பின்னரே, அங்கு அமர்ந்திருந்தவர் யார் என்ற எண்ணம் நம்மை உறுத்தியது.

இறுதியில், தன்னை எழுத்தாளன் என்று கூறிக்கொள்ளும் ஹியூகோ என்பவனுக்கு அறை கிடைக்கிறது. சில நாட்களில் அவன் பூட்டிய அறைக்குள் பிணமாகக் கிடக்கிறான். கட்டிலின் கீழே ஒரு பெட்டி நிறையப் பணம். பொலிசுக்கு அறிவிப்பதா, பணத்தை எடுத்துக்கொள்வதா? தொடக்கத்தில் மறுக்கும் டேவிட்டும் பின்னர் இணங்குகிறான். பணமென்றால் பிணமும் வாய் திறக்கும் என்பது நம் பழமொழி. இங்கோ, பணத்துக்காக உயிரோடிருந்த மூவரும் வாய் மூடிக்கொள்கின்றனர்.

பிணத்தை அடையாளம் காண முடியாதவாறு சிதைத்துக் காட்டில் புதைக்க வேண்டும். அக்கொடிய வேலையை யார் செய்வது? சீட்டுக் குலுக்குவது போலக் குச்சி இழுக்கின்றனர். மூவரில் மிகவும் சாதுவான டேவிட்டின் தலையிலேயே அது விழுகிறது. அன்றிலிருந்து அவன் பழைய டேவிட் அல்லன். பணத்துடன் கூரைக்குக் கீழுள்ள பரணில் குடியேறி, கீழே வாழும் நண்பர்களைக் கண்காணிப்பதற்காகத் தளத்தில் துளைகள் இடுகிறான். பணத்தைத் தேடிக் கொலைகாரர் இருவரும் வருகின்றனர். ஆயினும் வெளியிலிருந்து வரும் அவர்களைவிட, வீட்டுக்குள் வளரும் சந்தேகமே நம்மை அதிகம் நடுங்கச் செய்கிறது. முடிவை இங்கு கூறப்போவதில்லை. வாசகர்கள் பார்த்தே அறிய வேண்டும்.

இது இயக்குநர் டானி பொயிலின் முதலாவது திரைப்படம். கதை வசனம் எழுதிய ஜோன் ஹொட்ஜ் தொழிலால் ஒரு வைத்தியராக இருந்தவர். ஏறக்குறைய 10 இலட்சம் பவுண் என்ற சிறிய தொகையில் தயாரான இப்படம், எடின்பரோவில் நடப்பதாகக் காட்டப்பட்டாலும் பெரும்பகுதி கிளாஸ்கோவிலேயே படமாக்கப்பட்டது. இவான் மக்கிரெகர், கெரி பொக்ஸ், கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் ஆகிய மூவரின் நடிப்பும் குறிப்பிடத்தக்கது. சிறந்த பிரித்தானியப் படத்துக்கான பிரித்தானிய அக்கடமியின் விருதையும் இது பெற்றது. இதே டானி பொயில்தான் 2008 இல் 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தை இயக்கினார், ஏ. ஆர். ரஹ்மானுக்கு இரண்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றுத் தந்த படம் அது.

பணம் நல்லவரையும் கெடுக்கும் என்பதே இப்படத்தின் செய்தி எனப் பலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. அறை கேட்டு வந்தவனை மனிதனாக மதியாத அந்த முதற்காட்சியிலேயே எல்லாம் தொடங்கிவிட்டது. அவனைப் பார்த்துச் சேர்ந்து சிரித்ததையே அவர்கள் நட்பு என எண்ணியிருந்தனர். பெட்டி வந்ததும் அந்த நட்பின் ஆழம் தெரிந்துவிட்டது. படத்தின் பெயர் காட்டில் தோண்டிய குழிக்கு மட்டும் உரியதன்று.

ஓர் அறையில் நால்வர், ஐவர் படுத்துறங்கி, ஒரே பானையில் சமைத்து, ஊருக்கு அனுப்பும் காசை ஒருவரையொருவர் நம்பிக் கொடுத்து வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். பூட்டில்லாத அந்தப் பெட்டிகளை நினைத்துப் பார்க்கிறோம். இன்று சொந்த வீடும் மேலதிக அறையும் உள்ளவர்களாக நம்மிற் சிலர் உயர்ந்துள்ளோம். நாளை நம் கதவைத் தட்டுபவரிடம் நாம் என்ன கேள்வி கேட்கப் போகிறோம்?