காதுக் கருவிக்குள் ஓர் இரைச்சல்

மதுரை காளவாசல் சந்திப்பில் தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் குறுக்கிடுகின்றன. பஸ்களின் ஹாரன் ஓயாத இவ்விடத்தில், காது கேட்கும் கருவி அணிந்த ஒருவர் செல்போனில் பேசுவதாக வைத்துக்கொள்வோம். தெருச் சத்தம் போதாதென்று, அழைப்பு 2ஜி வழியே வந்தால் 'ர்ர்ர்' என்று இன்னோர் இரைச்சலும் அவருக்குக் கேட்கலாம். பக்கத்தில் நிற்பவருக்கு அது கேட்காது. அது எங்கிருந்து வருகிறது?

செல்போன் அனுப்புவது ஒலி அன்று. ஏறத்தாழ 900 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ரேடியோ அலை. ஆனால் 2ஜியில் ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், வாய்க்கால் தண்ணீரைப் போல! தன் முறை வரும்போது மட்டும் செல்போன் அலையை அனுப்பிவிட்டு ஓய்கிறது. ஒரு சுற்றுக்கு 4.615 மில்லி விநாடி. ஆயிரத்தை இதனால் வகுத்துப் பாருங்கள். விநாடிக்குச் சுமார் 217 துடிப்புகள்! இது நம் காதுக்கு நன்றாக எட்டும் அதிர்வெண். கருவியின் மின்சுற்று இத்துடிப்பைப் பிரித்தெடுத்து, பேச்சோடு சேர்த்துப் பெருக்கிவிடுகிறது. ரேடியோ அருகே செல்போன் இருந்தால் எழும் 'டிட்-டிட்' ஒலியும் இதன் உறவுதான். கோபுரம் தொலைவில் இருந்தால் செல்போன் தன் ஆற்றலைக் கூட்டும், இரைச்சலும் கூடும். 3ஜி, 4ஜி முறைகளில் இத்தொல்லை பொதுவாகக் குறைவு.

சரி, ஹாரன் சத்தத்துக்கு என்ன வழி? பல கருவிகளில் 'டி' என்றொரு நிலை உண்டு. அதில் ஒலிவாங்கி அடங்கிவிடும்; சிறு கம்பிச்சுருள் ஒன்று வேலை செய்யும். போனிலிருந்து வரும் மாறும் காந்தப்புலம் அச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும். ஃபாரடேயின் விதி நினைவிருக்கிறதா? ஹாரன் காந்தப்புலமாக வருவதில்லையே! ஆகவே பேச்சு மட்டும் கேட்கும். காதின் துளைக்குள்ளேயே அடங்கும் மிகச் சிறிய கருவிகள் பலவற்றில் இச்சுருளுக்கு இடமில்லை. அது ஒரு குறைதான்.

1876-இல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல், காது கேளாதோரின் ஆசிரியர் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். செல்போன்களும் காதுக் கருவிக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற விதியை அமெரிக்கா 2003-இல்தான் கொண்டுவந்தது. அதன்பின் 'எம்', 'டி' என்ற எழுத்துகளோடு 1 முதல் 4 வரை தர எண்கள் இடப்பட்டன. எம் இரைச்சல் குறைவைக் குறிக்கும். டி கம்பிச்சுருளோடு ஒத்துப்போவதைக் குறிக்கும். 3-உம் அதற்கு மேலும் நல்லது. 2019-ஆம் ஆண்டுத் தரநிலை இவ்வெழுத்துகளைக் கைவிட்டது. பழைய செல்போன் பெட்டிகளில் அவற்றை இன்னும் காணலாம்.

காதின் பின்புறம் மாட்டும் கருவியில் ஒலிவாங்கி காதின் மேல்பக்கம் இருக்கிறது, துளையில் அன்று. உங்கள் தாத்தா அத்தகைய கருவி அணிபவரானால், செல்போனைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக் கேட்கச் சொல்லிப் பாருங்கள்.