கேட்டால் போதாது, பாட வேண்டும்

சங்கரன்கோவிலில் தறிக்கூடத்தில் காலம் கழித்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு குறை அடிக்கடி காதில் விழும். “சத்தம் கேக்கு. என்ன சொல்லுதாவன்னுதான் வெளங்கல.” வீட்டுத் திண்ணையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் சிக்கல் இல்லை. கல்யாணப் பந்தியிலோ, ஆடித் தபசு அன்று கோமதி அம்மனைப் பார்க்க நெருக்கியடிக்கும் கூட்டத்திலோ, பக்கத்தில் நிற்கும் பேரன் சொல்வது இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்துபோகிறது. நாலு தரம் “என்னது?” என்று கேட்டுவிட்டு, ஐந்தாம் தரம் சும்மா தலையாட்டிவிடுகிறார்கள். அடுத்த விசேஷத்துக்குப் போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

வயது ஒரு காரணம். இந்த ஊருக்குத் தறியும் ஒரு காரணம். விசைத்தறிகள் ஓடும் கூடத்தில் ஓசை 90 டெசிபலைத் தாண்டிவிடும். 80 டெசிபல் ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தறிக்காரருக்கு அந்த 4 மணி நேரம் திங்கட்கிழமை காலையிலேயே தீர்ந்துவிடும். உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில், ஓசையை வாங்கி நரம்புக்குக் கொடுக்கும் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. ஓயாத ஓசையில் அவை நசிந்துவிட்டால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

இதைக் காது சம்பந்தப்பட்ட தொல்லை என்று மட்டும் விட்டுவிட முடியாது. மறதிநோயைத் தூண்டும், ஆனால் நம்மால் குறைத்துக்கொள்ளக்கூடிய 14 காரணங்களை ‘லான்செட்’ மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024இல் பட்டியலிட்டது. கேள்திறன் குறைவும், மனிதரோடு புழங்காத தனிமையும் அதில் இருக்கின்றன. மேலே சொன்ன பெரியவருக்கு முதலாவது வந்து, அதுவே இரண்டாவதையும் கூட்டி வந்துவிடுகிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. முதியோர் விகிதத்தில் நாட்டின் முன்வரிசையில் இருக்கும் மாநிலம் நம்முடையது.

முதுமையில் பாடுவதும் வாத்தியம் வாசிப்பதும் இங்கேதான் பேச்சுக்கு வருகின்றன. அவை பொழுதுபோக்கு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைப் படித்தால் அப்படி ஒதுக்கிவைக்க மனம் வராது.

கனடாவின் டொரண்டோ நகரில், பேகிரெஸ்ட் மருத்துவமனையைச் சேர்ந்த ராட்மன் ஆய்வு நிறுவனத்தில், பெஞ்சமின் செண்டலும் கிளாட் அலைனும் 18 முதல் 91 வயது வரை 163 பேரின் கேள்திறனைச் சோதித்தார்கள். இசைப் பயிற்சி உள்ளவர்களும் இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். மெல்லிய ஒலி எந்த அளவில் காதுக்கு எட்டுகிறது என்ற சோதனையில் இரு தரப்பும் வயதுக்கேற்ப ஒரே மாதிரி சரிந்தார்கள். இசைக்கலைஞரின் காதும் மற்றவர் காது போலவே மூப்படைகிறது. ஆனால் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேசுவதைப் புரிந்துகொள்ளும் சோதனையில், 70 வயது இசைக்கலைஞர் இசை அறியாத 50 வயதுக்காரருக்குச் சமமாக இருந்தார். 20 வருட வித்தியாசம்! காதில் இல்லாத அந்த வித்தியாசம் மூளையில் இருந்தது.

கூட்டத்தில் பத்துப் பேர் பேசும்போது ஒரு குரலை மட்டும் நாம் எப்படிப் பிரித்தெடுக்கிறோம்? ஒவ்வொருவர் குரலுக்கும் ஒரு சுருதி உண்டு. மூளை அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு, அதைச் சேர்ந்த ஒலிகளை மட்டும் தொடர்ந்து போகிறது. வயதாக ஆக அந்தப் பிடி தளர்கிறது. பாடுகிறவர் செய்வதோ இதே வேலை. பக்கத்தில் பாடுபவரின் சுருதியைக் கேட்கிறார், தன் குரலைக் கேட்கிறார், இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து அந்தக் கணமே தொண்டையைத் திருத்திக்கொள்கிறார். தவறினால் உடனே தெரிந்துவிடுகிறது. வானொலியில் பாட்டுக் கேட்கும்போது இந்தத் திருத்தம் நடப்பதில்லை.

சின்ன வயதில் கற்றவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று கேட்கலாம். செண்டல் குழுவினருக்கும் அதே கேள்வி இருந்தது. இசைப் பழக்கமே இல்லாத முதியவர்களில் சிலருக்கு ஆறு மாதம் பியானோ பழக்கினார்கள், சிலரைக் கணினி விளையாட்டு ஆட வைத்தார்கள், சிலரை அப்படியே விட்டார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்வதில் முன்னேறியவர்கள் பியானோ பழகியவர்கள். அதே ஆண்டு, டொரண்டோவில், பிராங்க் ருஸ்ஸோவின் குழு முதியவர்களைச் சேர்த்துக் கூட்டாகப் பாட வைத்துப் பார்த்தது. 10 வாரங்களில் அவர்கள் சுருதி வேறுபாட்டைக் கண்டுகொள்வதும் மேம்பட்டது, இரைச்சலில் பேச்சைப் பிடிப்பதும் மேம்பட்டது. வாத்தியம் வாங்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

டொரண்டோவில் இதற்கென்று ஒரு பாடகர் குழுவைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. நெல்லைச் சீமையின் கோயில் கொடை விழாக்களில் பல தலைமுறையாகப் பாடிவரும் வில்லுப்பாட்டே ஒரு கூட்டுப் பாட்டுதான். நடுவில் புலவர் வீசுகோலால் வில் நாணைத் தட்டிக் கதை சொல்கிறார். நாண் அதிர, வில்லில் கோத்த மணிகள் ஒலிக்கின்றன. ஒருவர் குடத்தின் வாயில் பத்தையால் அடிக்கிறார். உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று மற்றவர்கள். புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்தும் இடத்தில் பக்கப்பாட்டுக்காரர் “ஆமா” போட வேண்டும். அடுத்த வரியை அவர் பாதியில் விட்டால் எடுத்துப் பாட வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் பாட்டு தள்ளாடிவிடும். ஒரு காது புலவர் மேல், ஒரு காது தாளத்தின் மேல், கை தன் வேலையில், நாக்கு நுனியில் அடுத்த சொல். விடிய விடிய நடக்கும் கதையில் சுடலைமாடன் பிறப்பிலிருந்து வரம் கொடுப்பது வரை மனசில் இருக்க வேண்டும். கவனம், நினைவு, காலக்கணக்கு, கேள்வி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும் பயிற்சி வேண்டும் என்று ஒரு நரம்பியல் நிபுணர் யோசித்தால் இதைவிட நல்லதொன்றை அமைக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

திருநெல்வேலிப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் கலையைச் சென்னைக்குக் கொண்டுபோய், வானொலி, தொலைக்காட்சி வரை ஏற்றினார். மகள் பாரதி திருமகனும் அவரோடு வில்லிசை மேடைக்கு வந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது சுப்பு ஆறுமுகத்துக்கு 93 வயது. அடுத்த ஆண்டு மறைந்தார். கர்நாடக இசையில் செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு கடந்தும் மேடையில் பாடினார். இப்படிப்பட்டவர்களை மட்டும் காட்டி, பாடினால் ஆயுள் கூடும் என்று சொல்லிவிடக் கூடாது. தெம்பாக இருந்ததால் பாடினார்களா, பாடியதால் தெம்பாக இருந்தார்களா என்பதைத் தனி மனிதர் வாழ்க்கையை வைத்துப் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் 75 வயது கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான பிரபலமான ஆய்வு, வாத்தியம் வாசித்தவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்ததைக் காட்டியது. அதற்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

அதனால்தான் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஜெனீவாவிலும் ஹனோவரிலும், இசைப் பயிற்சி இல்லாத, 62 முதல் 78 வயது வரையிலான ஓய்வு பெற்ற 132 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் பியானோ கற்றார்கள். பாதிப் பேர் இசையைக் கூர்ந்து கேட்டு ஆராயும் வகுப்புக்குப் போனார்கள். ஆறு மாதம் கழித்து இரு குழுவுக்கும் செயல்நினைவு மேம்பட்டிருந்தது. கூர்ந்து கேட்பதற்கும் பலன் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒலியைப் பகுத்தறியும் மூளைப் பகுதியின் சாம்பல்நிறத் திசு, கேட்ட குழுவுக்குக் கொஞ்சம் தேய்ந்தது. வாசித்த குழுவுக்கு இருந்தபடியே நின்றது.

சான் பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில் 390 பேரை வைத்து நடந்த சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆறு மாதம் கூடிப் பாடியவர்களுக்கு நினைவாற்றலிலோ உடல் வலுவிலோ குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. ஆனால் தனிமை உணர்வு குறைந்தது, வாழ்க்கையில் ஈடுபாடு கூடியது. இங்கிலாந்தின் கிழக்குக் கென்ட் பகுதியில் 60 வயது கடந்த 258 பேரிடம் நடந்த ஆய்வில், 14 வாரம் கூடிப் பாடியவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. பாட்டு மறதிநோயைத் தடுத்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். விசேஷ வீட்டுக்குப் போகாமல் முடங்கிக் கிடக்கும் பெரியவரை அது வெளியே கொண்டுவரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றுகிறது.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். சுருதியை இளவயதுக் கணக்கில் வைக்காதீர்கள். வயதாகும்போது பெண்களின் குரல் தாழ்கிறது, ஆண்களின் குரல் சற்று உயர்கிறது. எந்தச் சுருதியில் தொண்டை இறுகாமல் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. நாதசுரம் போன்று அழுத்தி ஊதும் வாத்தியங்கள் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றக்கூடும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். காதுக்குக் கருவி வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் பாட்டு அதற்கு மாற்றாகாது. கருவியைப் போட்டுக்கொண்டே பாடலாம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். தறி ஓசையில் மிஞ்சிய செவியைக் கூம்பு ஒலிபெருக்கிக்குப் பலி கொடுக்கக் கூடாது. தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவதானால் காதடைப்பான் அவசியம்.

எதைப் பாடுவது என்ற கவலையும் இங்கே இல்லை. காவடிச் சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியார் இந்த வட்டாரத்துச் சென்னிகுளத்துக்காரர். கழுகுமலை முருகனை நினைத்து அவர் கட்டிய மெட்டுகள் காலடியோடு சேர்ந்து நடப்பவை. மூச்சை எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்பதைத் தாளமே சொல்லிவிடும். நம் கிராமத்துப் பாட்டிகளிடம் கும்மியும் தாலாட்டும் நடவுப் பாட்டும் கிடக்கின்றன. வயலுக்கு இயந்திரம் வந்ததும் அந்தப் பாட்டுகளுக்கு வேலை போய்விட்டது. பாடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பாடுவதற்கான சந்தர்ப்பம்தான் இல்லை. ஒரு பாட்டி முதலடி எடுத்தால் பத்துப் பேர் வாங்கிப் பாடும் கும்மி, டொரண்டோ குழு 10 வாரம் செய்ததிலிருந்து பெரிதாக மாறுபட்டதல்ல.

அரசின் பக்கம் ஒரு குறை இருக்கிறது. ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயதுக் குழந்தைகளுக்குப் பாட்டும் நடனமும் சொல்லித் தருகின்றன. திருநெல்வேலியில் உள்ளது போன்ற மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, தேவாரம், வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், பரதநாட்டியம் கற்பிக்கின்றன. அங்கே சேர வயது 12 முதல் 25 வரை. கலையைத் தொழிலாக எடுக்கப் போகும் இளைஞர்களை மனத்தில் வைத்துப் போட்ட வரம்பு அது, சரிதான். ஆனால் அதே ஆசிரியர்கள், அதே வகுப்பறைகள், மாலை ஒரு மணி நேரம் அறுபது கடந்தவர்களுக்கும் கிடைத்தால் கூடுதல் செலவு சொற்பம். கொடைக்காலம் முடிந்து வருமானமின்றி இருக்கும் மாதங்களில் வில்லுப்பாட்டுக் கலைஞர்களை ஊதியம் கொடுத்து ஊர் ஊராகப் பயிற்றுநர்களாக அனுப்பலாம். பிழைப்பு அவர்களுக்கும், பாட்டு முதியவர்களுக்கும் கிடைக்கும். கலை பண்பாட்டுத் துறை இதைச் செய்ய வேண்டும். சங்கரன்கோவிலில் உள்ள ஓய்வூதியர்களும் நெசவாளர்களும் சேர்ந்து ஒரு மனு எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு ஜால்ராவும், பாட்டுத் தெரிந்த ஒருவரும், வாரத்துக்கு இரண்டு மாலையும் இருந்தால் இந்த மாதமே தொடங்கிவிடலாம்.